ஓர் ஆள் குறைந்த வேலைநிறுத்தம்

உட்காருங்கள். அந்த ஜன்னலை இழுக்க வேண்டாம், திறக்காது. இந்த வண்டியை நான் ஓட்டியிருக்கிறேன். அப்போதே திறக்காது. பையை மேலே வைத்துவிடுங்கள். தூத்துக்குடி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது.

என்னிடம் டிக்கெட் கேட்கவில்லையே என்று பார்க்கிறீர்கள். பாஸ் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஓட்டுநர். பெயர் கோமதிநாயகம். கோவில்பட்டியில் எங்கள் டெப்போவில் போய்ப் பெயரைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். செயலாளர் அண்ணாச்சி என்றால் வாட்ச்மேன்கூட வீட்டைக் காட்டுவான். சங்கத்துக்குப் பதினாறு வருடம் கிளைச் செயலாளர். இப்போது கௌரவத் தலைவர். கௌரவத் தலைவருக்கு வேலை ஒன்றும் இல்லை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. யார் ஓய்வுபெற்றாலும் விழாவில் வாழ்த்துரை நான்தான்.

நீங்கள் என்ன வேலை? கம்பெனியா. அப்படியென்றால் பென்ஷன் கவலை இல்லை. இல்லாததைப் பற்றி என்ன கவலை. எங்களுக்குத்தான் சங்கடம். ஒரே காக்கி, ஒரே டெப்போ, ஒரே சங்கம். சில பேருக்குப் பென்ஷன் உண்டு, சில பேருக்குக் கிடையாது.

நான் எங்கே போகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். குறுக்குச்சாலையில் இன்றைக்கு ஒரு கல்யாணம். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்த வழியாகப் போகிறேன். மண்டபம் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. வண்டி தாண்டும்போது எங்கள் ஆட்கள் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பெண்ணின் அப்பா பவுன்ராஜ். என் வண்டியில் ஒன்பது வருடம் கண்டக்டர். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் என்ன பொருத்தம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவன் விசில் கொடுப்பதற்கு முன்பே எனக்குக் கால் கிளட்ச்சுக்குப் போய்விடும். வீட்டில் என் மனைவியோடு அந்தப் பொருத்தம் கிடையாது. இதை அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

பவுன்ராஜைப் போல ஒரு தொண்டன் சங்கத்துக்குக் கிடைக்க மாட்டான். அதனால்தான் எனக்கு வருத்தம். வேறு எவனாவது என்றால் விட்டுத் தள்ளியிருப்பேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். அவன் தினக்கூலி கண்டக்டராக இருந்த காலத்தில் ஒரு வேலைநிறுத்தம் வந்தது. போனசுக்காக. அப்போது தினக்கூலிகளை என்ன செய்வது என்று ஒரு கேள்வி. அவர்கள் நிரந்தரம் ஆகாதவர்கள், தொடர்ந்து வேலை பார்த்த நாளைக் கணக்குக் காட்டித்தான் நிரந்தரம் ஆக வேண்டும். அதனால் அவர்களை வற்புறுத்த வேண்டாம், அந்தந்தக் கிளை முடிவு செய்துகொள்ளலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மற்ற டெப்போக்களில் தினக்கூலிகளை வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் விடவில்லை. எங்கள் கிளையில் நூற்றுக்கு நூறு வெளியே நிற்க வேண்டும் என்று சொன்னேன். மண்டலத்தில் எந்தக் கிளையும் அப்படி நிற்கவில்லை.

பவுன்ராஜ் வந்து கேட்டான். "அண்ணாச்சி, எனக்கு இன்னும் ஆர்டர் வரல. நானும் நிக்கணுமா?"

"நீதான் முதல்ல நிக்கணும்" என்றேன்.

அவ்வளவுதான். மறு பேச்சு இல்லை. டெப்போ வாசலில் பந்தல் போட்டோம். கடைசி நாள் வரைக்கும் பவுன்ராஜ் அந்தப் பந்தலை விட்டு நகரவில்லை. கோஷத்துக்கு அவன் குரல்தான். அப்போது அவனுக்கு மூத்த பெண் கைக்குழந்தை. அவன் மனைவி அமலோற்பவம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகும். ஒன்றும் பேசாது.

ஒரே ஒருத்தன் உள்ளே போனான். சூசைமாணிக்கம். அவனும் தினக்கூலிதான், பவுன்ராஜோடு வேலைக்குச் சேர்ந்த ஓட்டுநர். போலீஸ் காவலோடு வண்டியை எடுத்தான். பந்தலைத் தாண்டும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டான். அதை என்னால் மறக்க முடியவில்லை. கருங்காலித்தனம் செய்கிறவன் மரியாதையாகச் செய்தால் இரண்டு மடங்கு கோபம் வருகிறது.

அடுத்த மாநாட்டில் சிறந்த கிளைக்குக் கேடயம் கொடுத்தார்கள். எங்களுக்கு இரண்டாம் பரிசு. ஏன் இரண்டாவது என்று கேட்டேன். ஓர் ஆள் குறைகிறதே என்றார்கள். திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு சின்ன டெப்போ, மொத்தமே கொஞ்சம் பேர், எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவர்களிடம் தினக்கூலியே கிடையாது. அதை நான் எடுத்துச் சொன்னேன். எடுபடவில்லை. கேடயம் என் வீட்டில்தான் இருக்கிறது. எப்போதாவது வாருங்கள், காட்டுகிறேன்.

எட்டயபுரம் வந்துவிட்டது. இங்கே ஐந்து நிமிடம் நிற்பான். இறங்க வேண்டாம், இடம் போய்விடும்.

சரி, பிறகு. வேலைக்குப் போனதால் சூசைக்கு நாள் கணக்கு அறுபடவில்லை. பொங்கல் முடிந்ததும் நிரந்தரம் ஆகிவிட்டான். பவுன்ராஜுக்குக் கணக்கு அறுந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். நாங்கள் சும்மா இருக்கவில்லை. மனு கொடுத்தோம், வாயிற்கூட்டம் போட்டோம். ஆடி மாதம் எல்லோருக்கும் ஆர்டர் வாங்கிக் கொடுத்தோம். ஒருத்தனைக்கூட விடவில்லை. அன்றைக்கு டெப்போவில் கேசரி போட்டோம். பவுன்ராஜ்தான் எல்லோருக்கும் கொடுத்தான்.

நடுவில் ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்துவிட்டது. இரண்டாயிரத்து மூன்று. அதற்கு முன்னால் நிரந்தரமானவர்களுக்குப் பழைய பென்ஷன், சாகும்வரை, செத்தால் மனைவிக்கு. அதற்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சம்பளத்தில் பிடித்து, நிர்வாகமும் கொஞ்சம் போட்டு, ஓய்வுபெறும் அன்றைக்கு மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது. அப்படி ஒரு கோடு வரப்போகிறது என்று வேலைநிறுத்தத்தின்போது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா? அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள்.

அந்தக் கோட்டை எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கோரிக்கை வைத்தேன். கடைசிக் கோரிக்கையாக வைப்போம். முக்கியமானதைக் கடைசியில் வைப்பது எங்கள் வழக்கம். ஆனால் பாருங்கள், அவர்கள் பேச்சை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். சம்பளம், படி, சீருடை, தையல்கூலி என்று வந்து கடைசிக்கு வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அடுத்த முறை பேசிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். நான் வெளியே வந்ததும் பவுன்ராஜ் கேட்பான். "அண்ணாச்சி, நம்மது?" வலியுறுத்தியிருக்கிறோம் என்பேன். அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும். கைதட்டுவான்.

சூசைமாணிக்கத்தை நாங்கள் விலக்கி வைத்தோம். எழுத்தில் இல்லை, ஆனால் கட்டுப்பாடு. அவனோடு டீ குடிக்கக் கூடாது. அவன் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. அவன் அப்பா இறந்தபோது டெப்போவிலிருந்து ஒருத்தரும் போகவில்லை. ஒரே தெருவில் இருந்தும் பவுன்ராஜ்கூடப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் என்று அமலோற்பவம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டு, காய்ச்சல் என்று சொல்ல வேண்டாம், கட்டுப்பாடு என்றே சொல் என்றேன்.

இதில் எனக்குத்தான் தனித் தொந்தரவு. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை நேரில் போய் உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். நான் ஓய்வுபெற்ற கொஞ்ச காலத்தில் சூசையும் ஓய்வுபெற்றான். இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் நேர்காணல். கட்டுப்பாட்டை விட முடியுமா? நடுவில் யாராவது ஒருத்தர் வரும்வரைக்கும் தள்ளி நிற்பேன். ஆள் வந்ததும் அவருக்குப் பின்னால் நின்றுகொள்வேன். போன வருடம் வெகுநேரம் யாரும் வரவில்லை. சூசை திரும்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நடுவுல ஆள் வேணும்னா பவுன்ராஜத்தான் கூப்பிடணும். அவன்தான் இந்த வரிசைக்கே வர முடியாதே" என்றான்.

பென்ஷன் வாங்குகிற திமிர். நான் பதில் சொல்லவில்லை. கட்டுப்பாடு இருக்கிறதே, எப்படிப் பதில் சொல்வது.

போன வருடம் பவுன்ராஜ் ஓய்வுபெற்றான். எங்கள் டெப்போ வழக்கப்படி மாலை போட்டு, மோதிரம் போட்டு, மனைவிக்குச் சேலை கொடுத்து, ஒரு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவோம். அதற்கு முன்னால் வாழ்த்துரை. பவுன்ராஜ் என்பதால் கொஞ்சம் உணர்ச்சியாகவே பேசினேன். அந்த வேலைநிறுத்தத்தைச் சொன்னேன். தினக்கூலியாக இருந்தும் எதையும் எதிர்பார்க்காமல் நின்றான் என்று சொன்னேன். நல்ல கைதட்டல். முடிக்கும்போது எப்போதும் சொல்லி முடிப்பதைச் சொன்னேன். "இனி பவுன்ராஜுக்கு அலாரம் இல்லை. முதல் ஷிப்ட் இல்லை. சில்லறைத் தகராறு இல்லை. மாதம் பிறந்தால் பென்ஷன் வீடு தேடி வரும். பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இரு தம்பி." எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வேன். நல்ல வாக்கியம். எங்கே ஏற்றி எங்கே இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கைதட்டல் வரவில்லை. மைக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன். பின்னால் ஒருத்தன் சிரித்தான்.

பவுன்ராஜ் ஏற்புரைக்கு எழுந்தான். மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "சாப்பாடு தயாரா இருக்கு. எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அதுதான் ஏற்புரை. பேசத் தெரியாதவன்.

சேலையை வாங்கும்போது அமலோற்பவம் என்னிடம் கேட்டது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக. "அண்ணாச்சி, மாசாமாசம் வரும்னு சொன்னீகளே, எந்த பேங்குக்கு வரும்?"

பெண்களுக்கு இந்த விவரங்கள் தெரியாது. நான் அதை ஓரமாகக் கூப்பிட்டு, பழைய திட்டம் என்ன, புதிய திட்டம் என்ன, உன் வீட்டுக்காரர் எதில் வருகிறார் என்று பொறுமையாக விளக்கினேன். முழுவதையும் கேட்டது. "சரி அண்ணாச்சி, இப்ப வெளங்குது" என்றது. சந்தேகம் தீர்ந்ததில் எனக்கும் திருப்தி.

கையில் கொடுத்த தொகை மூத்த பெண்ணின் கல்யாணக் கடனுக்கும் வீட்டுக் கூரைக்கும் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். பவுன்ராஜ் இப்போது ஒரு பள்ளிக்கூட வண்டியில் போகிறான். பிள்ளைகளைப் பிடித்து ஏற்றி இறக்க வேண்டும். நல்ல வேலை. டிக்கெட் கொடுக்க வேண்டியதில்லை. அறுபது வயதில் அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் அல்லவா. எனக்குத்தான் வீட்டில் பொழுது போகவில்லை.

வைகாசி மாதம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். இளைய பெண் பிரின்சிக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகச் சொன்னான். நர்சுக்குப் படித்த பெண், நல்ல பெண். மாப்பிள்ளை யார் என்றேன். சூசைமாணிக்கம் மகன் லூர்து என்றான்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அவன் உட்கார்ந்தே இருந்தான்.

"அண்ணாச்சி, அவரே வீடு தேடி வந்து கேட்டாரு. நகை நட்டு ஒண்ணும் வேண்டாம்னுட்டாரு. மண்டபச் செலவும் தன்னோடதுன்னு சொல்லுதாரு."

"பென்ஷனைக் காட்டி உன்னை விலைக்கு வாங்குதான்."

"என்னைய எதுக்கு அண்ணாச்சி வாங்கப் போறாரு. எங்கிட்ட என்ன இருக்கு?"

"கொள்கை இருக்கே."

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு சொன்னான். "எனக்கு ஒரு உதவி வேணும். கல்யாணத்துக்கு டெப்போக்காரங்க வரணும். எனக்குன்னு வேற ஆளு கிடையாது அண்ணாச்சி. சூசை வீட்டுக் கல்யாணம்னு யாரும் வராம இருந்துட்டா எம்பொண்ணுக்கு அசிங்கம். நீங்க ஒரு வார்த்தை, அந்தத் தள்ளிவச்சது முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டீங்கன்னா எல்லாரும் வந்துருவாங்க. நீங்க முன்னால வாங்க, போதும்."

பாருங்கள், இதை நான் தனியாகச் சொல்லிவிட முடியுமா? அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. செயற்குழுவில் வைக்கிறேன் என்றேன்.

வைத்தேன். சொன்ன வார்த்தை தவற மாட்டேன். அன்றைக்கு மற்ற விஷயங்கள் நிறைய இருந்தன. ஓய்வறையில் மின்விசிறி ஓடவில்லை, அதற்கே ஒரு மணி நேரம் போய்விட்டது. கடைசியில் இது வந்தது. இளைஞர்கள் சிலர், பழைய கதை எதுக்கு அண்ணாச்சி, விடுங்க என்றார்கள். அவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. அந்த வேலைநிறுத்தம் ஏன் நூற்றுக்கு நூறாகவில்லை என்று அவர்களுக்கு விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் பாதிப் பேர் டூட்டிக்குப் போய்விட்டார்கள். ஒத்திவைத்தோம்.

பவுன்ராஜ் வெளியே நின்றுகொண்டிருந்தான். பழைய மாதிரியே கேட்டான். "அண்ணாச்சி, நம்மது?"

ஒத்திவைத்திருக்கிறோம் என்றேன். கல்யாணம் பதினைந்தாம் தேதி, அடுத்த செயற்குழு மாதக் கடைசியில். அவன் கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினான். அதில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்குக் கீழே ஓட்டுநர், ஓய்வு என்று போட்டிருந்தது. இவன் பெயருக்குக் கீழேயும் நடத்துநர், ஓய்வு என்று போட்டிருந்தது. இரண்டும் ஒரே எழுத்து, ஒரே அளவு. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. அதுதான் என்னை உறுத்துகிறது.

நான் ஒரு வார்த்தை சொல்லாமல் டெப்போவிலிருந்து ஒருத்தனும் போக மாட்டான். அது எனக்குத் தெரியும். பவுன்ராஜை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. காலி நாற்காலிகளைப் பார்த்தாவது அவனுக்குப் புரியட்டும் என்றுதான் விட்டுவிட்டேன்.

குறுக்குச்சாலை வரப்போகிறது. கொஞ்சம் அந்தப் பக்கம் சாயுங்கள், எனக்கு வெளியே தெரிய வேண்டும்.

இதோ, இந்த மண்டபம்தான். ஏன் பிரேக் போடுகிறான்? இங்கே ஸ்டாப் கிடையாது. தம்பி, இங்கே ஸ்டாப் இல்லை.

ஓட்டுநரே இறங்குகிறான் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டுவிட்டு இறங்குகிறான். என் காலத்தில் இப்படிச் செய்தால் மெமோ. கண்டக்டரும் போகிறான். ரெண்டே நிமிஷம், மொய் வச்சுட்டு வந்துருதோம் என்கிறான். பயணிகள் ஒருத்தரும் கேட்கவில்லை. நீங்களாவது கேட்டிருக்கலாம்.

அந்த வேப்பமரத்தடியில் வெள்ளைச் சட்டை போட்டு நிற்பவன் எங்கள் டெப்போ மெக்கானிக். அவனுக்குப் பக்கத்தில் இப்போதைய செயலாளர். நான் கைபிடித்து வளர்த்தவன். அவர்கள் செயற்குழுக்காரர்கள். அதோ, பின்னால் நிற்பவர்களும் செயற்குழுக்காரர்கள். அங்கே பந்தி பரிமாறிக்கொண்டிருப்பவன் ஒத்திவைக்கலாம் என்று நான் சொன்னபோது முதலில் கை தூக்கியவன். இத்தனை பேர் வந்துவிட்டால் டெப்போவில் வண்டி யார் எடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

வாசலில் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிறார்கள். பட்டு வேட்டி பவுன்ராஜ். பக்கத்தில் உயரமாக இருப்பவன் சூசை. அவன் இங்கே பார்க்கிறான். இந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

பவுன்ராஜ் வருகிறான். வண்டிக்குள்ளேயே ஏறுகிறான்.

என்ன பவுன்ராஜ். இல்லை, இல்லை. தூத்துக்குடி வரைக்கும். ஒரு ஜோலி. நான் எப்படி இறங்குவது, இன்னும் முடிவாகவில்லையே. நீ போ, வந்தவர்களைக் கவனி. பெண்ணுக்கு என் ஆசீர்வாதம் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். பொதுவாகச் சொல்.

போய்விட்டான். உங்களுக்குக் கேட்டதா? இறங்குங்க அண்ணாச்சி என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னான். இரண்டாம் தடவை கூப்பிட்டிருந்தால் நான் யோசித்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்தான், சரி அண்ணாச்சி என்றான், போய்விட்டான். ஒன்பது வருடம் ஒரே வண்டியில் இருந்தவன்.

வண்டி கிளம்புகிறது. கண்டக்டர் கையில் ஏதோ கொண்டுவருகிறான். எனக்கா? யார் கொடுத்தது? அமலோற்பவம் அக்காவா. வாசல்வரைக்கும் வந்து கொடுத்ததா. என்ன சொல்லிக் கொடுத்தது? ஒன்றும் சொல்லவில்லையா. சரி.

வாழை இலையில் கட்டியிருக்கிறார்கள். சூடாக இருக்கிறது, கொஞ்சம் பிடியுங்கள். நான் இதைச் சாப்பிட முடியாது. பந்தி மண்டபச் செலவு, மண்டபச் செலவு சூசையுடையது. நீங்கள் எந்தச் சங்கத்திலும் இல்லாதவர், உங்களுக்குத் தடை இல்லை. சாப்பிடுங்கள். வெட்கப்படாதீர்கள், மணி ஒன்றாகிவிட்டது. மட்டனா? மட்டன்தான். மணமே சொல்கிறது.

நிதானமாகச் சாப்பிடுங்கள். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.

எப்படி இருக்கிறது? உப்பு சரியாக இருக்கிறதா?